பத்தாத சிகரெட்

என் சிகரெட்டை என்னைக் கேட்காமலே என் மனைவி அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். இரண்டாயிரத்து ஒன்பது, மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வெஸ்ட் ஈலிங் கோயிலிலிருந்து ரயில் மாறி மாறி மோர்டனுக்கு வந்து சேர்ந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாள்.

"தம்பியின்ர குரலைக் கேக்கிற வரைக்கும் இவர் சிகரெட் பத்தமாட்டார் எண்டு நேர்ந்துபோட்டு வாறன்."

எங்கள் பக்கத்தில் சிகரெட்டைப் பிடிப்பதில்லை, குடிப்பதுமில்லை. பத்துவோம். நான் இருபது வருஷமாய்ப் பத்துகிறவன், ஒரு நாளைக்கு ஒரு பெட்டி.

தம்பி என்றது அவளுடைய ஒரே தம்பியை. வன்னியில், யுத்தத்துக்குள் இருந்தான். பொங்கலுக்கு முதல் கிழமை எங்கிருந்தோ ஒரு போன் பிடித்து, "அத்தான், இனி லைன் கிடைக்குமோ தெரியாது, அக்காட்டைப் பயப்பிடவேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றான். அதோடு சரி.

"அதுக்கு என்ர சிகரெட்டோ கிடைச்சது உமக்கு?" என்று கத்தினேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலைதானே இது.

"என்னட்டைக் குடுக்க வேற என்ன கிடக்கு?" என்றாள். "மச்சம் மாமிசம் போன வருஷமே விட்டாச்சு. செவ்வாயும் வெள்ளியும் விரதம். இனிக் குடுக்கிறதெண்டால் உங்கட ஒண்டைத்தான் குடுக்க ஏலும். அதைவிட விருப்பமான சாமான் உங்களுக்கு இந்த வீட்டில என்ன இருக்கு?"

அவள் என் ஜக்கெற் பையில் கையை விட்டுப் பெட்டியை எடுத்தாள். திறந்து பார்த்தாள், மூடினாள், கொண்டுபோய்ச் சாமித்தட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

எனக்கு வேலை குரோய்டன் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில். அங்கே கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சிகரெட். எட்டு மணித்தியாலம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்து எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். வேலை இல்லாத நாளில் சனத்தோடு சனமாய், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி வெள்ளைக்காரரின் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று கத்தினோம். தொண்டை கட்டியதுதான் மிச்சம். எதைச் செய்தாலும் ஒன்றும் ஆகாத ஒரு காலத்தில், ஒன்றைச் செய்யாமல் இருப்பது மட்டும் என் கையில் தரப்பட்டிருந்தது. அதுகூட எனக்கு ஏலவில்லை.

பதினோராம் நாள். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கடையில் வாங்கினால்தானே குற்றம், இது ஏற்கெனவே வாங்கினது என்று ஒரு நியாயம் எனக்குத் தோன்றியது. அம்மனின் முகத்தைப் பாராமல் படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒன்றே ஒன்றை எடுத்தேன். வீட்டுக்குப் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பத்தினேன். தலை சுற்றியது. அவ்வளவு சுகம்.

அன்று பின்னேரம் தமிழ்த் தொலைக்காட்சியில், மச்சான் கடைசியாய் இருந்ததாய்ச் சொன்ன பக்கம் செல் குண்டு விழுந்தது என்று காட்டினார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று மூளை சொன்னது. மூளையை யார் கேட்டார்கள்? நான் சோபாவில் கல்லுப்போல இருந்தேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் விரல் மணக்குமோ என்றுதான் அந்த நேரம் பயந்தேன். அந்தப் பயத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாய் இருக்கிறது.

என்னோடு கல்லாவில் நின்றவ திருச்சிக்காரி, என் வயதுதான் இருக்கும். நான் மிச்சக்காசை மாறிக் கொடுப்பதையும் வாடிக்கையாளரோடு எரிந்து விழுவதையும் ஒரு கிழமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவ, பொறுக்கமாட்டாமல் கேட்டா.

"ஏண்ணே இப்படிக் கஷ்டப்படுறீங்க? எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரானிக் சிகரெட்டுன்னு ஒண்ணு வச்சிருக்காரு. பத்த வைக்கவே வேணாம்."

"பத்தத் தேவையில்லையோ?"

"ஆமாண்ணே, நெருப்பே கெடையாது. உறிஞ்சினா ஆவி வரும், அவ்வளவுதான்."

அவ சொன்னது கொளுத்துவதை. என் காதில் விழுந்தது என் மனைவியின் வாயிலிருந்து கோயிலில் போன அதே சொல். பத்தமாட்டார் என்றுதானே நேர்ந்தாள்? இது பத்துகிற சாமானே இல்லையே! இந்தியத் தமிழுக்கும் எங்கள் தமிழுக்கும் நடுவில் அம்மன் எனக்கென்று புகுந்து போக ஒரு வேலிப் பொட்டு விட்டிருக்கிறா என்று நினைத்தேன்.

"வாங்குனா ரெண்டு பேட்டரி உள்ளதா வாங்குங்க" என்று அவ சொன்னதையும் கேட்டிருக்கலாம்.

குரோய்டனில் ஒரு கடைத்தொகுதியின் நடைபாதை நடுவில், மேசை மாதிரி ஒரு சின்னக் கடை. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி பேனை போன்ற ஒன்றை உறிஞ்சி உறிஞ்சி ஆவி விட்டுக்கொண்டிருந்தாள். இழுத்து முடிய எறிகிறது ஒன்று. ஒரு பற்றரியும் சார்ஜரும் நிக்கொட்டின் மருந்து அடைத்த சில குழாய்களும் உள்ள பெட்டி இன்னொன்று. இரண்டு பற்றரிப் பெட்டி அதைவிட விலை. நான் நடுவில் உள்ளதை எடுத்தேன். நிக்கொட்டின் எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். நாளுக்கு ஒரு பெட்டி பத்தினவன் கூடினதைத்தான் கேட்கவேண்டும். நான் ஆகக் குறைந்ததைக் கேட்டேன். குறைந்தால் பாவமும் குறையும் என்று ஒரு கணக்கு.

யானைப் பசிக்குச் சோளப்பொரி. சாரம் குறைந்ததால் விடாமல் இழுத்தேன், விடாமல் இழுத்ததால் காலை பத்து மணிக்கே பற்றரி செத்தது. அதைக் கடைக் கொம்பியூட்டரின் பின்னால் செருகிவிட்டு, அது உயிர்க்கும் வரைக்கும் சிகரெட்டுச் சுவருக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அடுத்த கிழமை திரும்பவும் அதே மேசைக்குப் போய், சாரம் கூடின குழாயும் இன்னொரு பற்றரியும் வாங்கினேன். முதலே பெரிய பெட்டியை எடுத்திருந்தால் மலிவாய் முடிந்திருக்கும். திருச்சிக்காரி சிரித்தா. "சொன்னேன்ல?"

வீட்டில் ஒளித்துத்தான் இழுத்தேன். ஒருநாள் குசினியில் பிடிபட்டேன். இழுக்க இழுக்க நுனியில் சிவப்பு வெளிச்சம் ஒன்று எரியும், அதுதான் காட்டிக்கொடுத்தது. மனைவியின் முகம் வெளிறிப்போயிற்று.

"இது பத்துறதில்லை," என்றேன் அவசரமாய். "நெருப்பில்லை, ஆவி. தடிமனுக்கு ஆவி பிடிக்கிறேல்லையோ, அதைப் போலத்தான்."

அவள் கிட்ட வந்து அந்தச் சிவப்பு நுனியில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றாள்.

"சுடேல்லை," என்றாள். "அப்ப ஒண்டுமில்லை."

என்னைவிட அவளுக்குத்தான் அதை நம்பவேண்டி இருந்தது.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. கோடை முழுக்க முகாம்களிலிருந்து மற்றவர்களுக்குப் போன் வந்தது. அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு வந்தது, கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற மனிசிக்கு வந்தது. இவள் எல்லாரிடமும் போய்ப் பெயரும் வயதும் சொல்லி விசாரித்தாள். எங்கள் போன் அடித்த போதெல்லாம் யாரோ எதையோ விற்கத்தான் அடித்தார்கள். டொக்ரரிடம் போன இடத்தில் நேர்ஸ் என் பெயருக்கு நேரே சிகரெட்டை விட்டவர் என்று எழுதி, கெட்டிக்காரன் என்று பாராட்டினாள். நான் விடவில்லை. ஒரு குரலுக்காகக் காத்திருக்கிறேன். அது வராமல் ஒரு சிகரெட்டைப் பத்தினால், அவன் இல்லை என்று நானே சொன்னதாய்ப் போய்விடும். அதை இந்த வீட்டில் யார் முதல் சொல்வது?

நவராத்திரிக்குக் கும்பம் வைக்கச் சாமித்தட்டைத் துப்புரவாக்கினாள். நான் கதிரையில் இருந்து அந்தப் பிளாஸ்ரிக் குழலை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அம்மன் படத்தை எடுத்தாள். பின்னால் கிடந்த பெட்டியை எடுத்துத் திறந்தாள்.

"ஏழு கிடக்கு," என்றாள்.

நான் குழலை வாயிலிருந்து எடுத்தேன்.

"எட்டு எண்ணி வைச்சனான்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால், அவளுடைய தம்பிக்கு நடந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அது நானாய் இருக்கும். ஒவ்வொரு நாளும் அவளுக்கு முன்னால் இருந்து சோறு தின்னுகிற காரணமாய் இருக்கும். வாய் திறந்தபடியே இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். எல்லாம் விளங்கின பார்வை. பிறகு பெட்டியை மூடினாள்.

"நான்தான் பிழையாய் எண்ணிப்போட்டன் போல, என்ன?"

"ஓம்," என்றேன். "பிழையாய்த்தான் எண்ணியிருப்பீர்."

அவள் பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, திரும்பவும் அம்மனுக்குப் பின்னால் வைத்தாள்.