அசனப் பந்தியில் நான் சொல்ல மறுத்தது

எங்கள் சபை வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கே சோறு போடும். அதற்கு அசனம் என்று பெயர். அதில் கறி கிடையாது. சாம்பார், தடியங்காய்க் கூட்டு, கத்திரிக்காய்ப் பொரியல், பாயசம், அவ்வளவுதான். கறி தின்ன ஆசையில்லாதவர்கள் அல்ல நாங்கள். ஊரின் இந்துக் குடும்பங்களான கோயில் தெருக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று எப்போதோ முடிவானது, இன்றுவரை யாரும் அதை மாற்றவில்லை. காய் முழுவதையும் பாவூர்சத்திரம் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அனுப்புவார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். முந்தின நாள் சாயங்காலம் மூட்டைகளை டெம்போவில் ஏற்றிவிட்டு, மனைவியையும் அரிவாள்மணையோடு சர்ச் வளாகத்துக்கு அனுப்பிவைப்பார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் வெட்டுவோம். யார் ஞானஸ்நானம் வாங்கியவள், யார் வாங்காதவள் என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தால் விரல்தான் அறுபடும்.

இந்த வருஷ அசனத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மிஷன் குழு வந்தது. எங்களோடு சேர்ந்து ஊழியம் செய்யலாமா என்று பார்க்க வந்தவர்கள். சாரல் நேரம் என்பதால் குற்றாலத்தில் அறை எடுத்துக் கொடுத்திருந்தோம். தென்காசியில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கும் பாவத்துக்கு மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். அவர் காலையிலேயே என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், அவங்க என்ன சொல்லுதாங்களோ அத அப்படியே சொல்லிருங்க. நம்ம கருத்து எதும் வேண்டாம்."

சரி என்றேன். எனக்குக் கருத்து இருக்கிறது என்பது அவருக்கு முன்பே தெரியும்.

முதல் பந்தியின் முன் இலைகள் எப்போதும் கோயில் தெருக்காரர்களுக்கு. இலை போட்டு, சோறு விழுந்து, சாம்பார் வாளி வரும் நேரத்தில் குழுத் தலைவர் எழுந்து பந்தியின் முன்னால் வந்தார். மைக் என் கையில் இருந்தது. நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் அருவியில் நனைந்துவிட்டுக் குழந்தை மாதிரிச் சிரித்தவர். ஆனால் அவர் பந்தியைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் சோற்றுக்காக வந்த ஏழைகள் என்று நினைத்துவிட்டார். "இருளில் வாழும் நீங்கள் பசியோடு வந்திருக்கிறீர்கள். இந்த உணவை உங்களுக்குத் தருவது யார் தெரியுமா?" என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

அவருக்கு நேர் எதிரே முதல் இலையில் அண்ணாச்சி. கை சோற்றின்மேல் அப்படியே நிற்கிறது. அந்தக் கத்திரிக்காயைத் தந்த மனுஷனிடம், யார் தந்தது தெரியுமா என்று என் வாயால் நான் கேட்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் விசுவாசிதான். இயேசுவைப் பற்றி யாரிடமும் பேச எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் இலைமுன் உட்கார்ந்தவரைக் காக்கவைத்து, அவரைக் குறைத்துப் பேச என்னால் முடியாது.

மைக்கை அணைத்தேன். "இதை நான் சொல்லமாட்டேன்" என்று அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் குழம்பிப்போனார். வார்த்தைகள் கடினமாக இருக்கின்றனவா என்று கேட்டார்.

"வார்த்தை சுலபம்தான். இவர்கள் உங்கள் விருந்தாளிகள் இல்லை. இந்தக் காயெல்லாம் அதோ, அவர் அனுப்பியது. அவர் மனைவியும் எங்களோடு உட்கார்ந்து வெட்டினார். இங்கே விருந்தாளி நீங்கள்தான்."

ஐயர் வேகமாகப் பக்கத்தில் வந்தார். "என்ன டீச்சர் செய்யுதீங்க? அவங்க நம்மள வேண்டாம்னு போயிட்டாங்கன்னா?"

"போகட்டும் ஐயா. அண்ணாச்சி எந்திரிச்சுப் போயிட்டா அடுத்த வருஷம் யாரக் கூப்புட்டு அசனம் வைப்பீங்க?"

பந்தி முழுவதும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், அவரு என்ன சொல்லுதாரு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "சாப்பாட்டு நேரத்துல சொல்லுத பேச்சு இல்ல அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னையும் தலைவரையும் மாறிமாறிப் பார்த்தார். சந்தையில் எதிராளியின் முகத்தைப் பார்த்தே பேரத்தை முடிக்கிறவருக்குப் புரியாமலா இருக்கும்? பிறகு இலையோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"அவர இங்கன வந்து உக்காரச் சொல்லுங்க. எம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்காரு, பசிக்கும்லா. மொதல்ல சாப்பிடட்டும்."

மைக்கை மறுபடி ஆன் செய்தேன். அதை மட்டும் ஒரு சொல் விடாமல், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி, இங்கிலீஷில் சொன்னேன்.