ஆடி முடிந்தும் மாறாத ரூட்

கவரப்பேட்டையில் மாடி வைத்த வீடு என்னுடையது. பக்கத்தில் பஸ் நிறுத்தும் ஷெட், ஷெட்டுக்குள்ளேயே சொந்த ஒர்க் ஷாப். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஷிப்டு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகளில் எதை நிறுத்திக் கேட்டாலும் என் பேரைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் என்னிடம் வேலை பழகியவன் பேரைச் சொல்வார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அப்பன் சொத்து கிடையாது. எந்த பேங்கிலும் என்னை உட்காரச் சொன்னதில்லை. ஓட்டை வேன் ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்தேன்.

ஆனால் நான் போட்டதிலேயே பெரியது ஒரு ரூட். அதைத்தான் என் மனைவி தன் நாவலில் வேறு கணக்கில் எழுதி வைத்திருக்கிறாள்.

அவள் என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், பி.எஸ்சி. படித்தவள். செல்போனில் வாராவாரம் ஒரு காதல் கதை எழுதினாள். வயதில் மூத்த ஒருவனும் இளைய ஒருத்தியும் அவசரமே இல்லாமல் நெருங்கி வருகிற கதை. நிறையப் பேர் படித்தார்கள். இப்போது புத்தகமாகப் போடுகிறார்கள். அச்சுக்கு அனுப்புமுன் பிரிண்ட் எடுத்து என்னிடம் கொடுத்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஒரு வரி விடமாட்டேன்.

கதாநாயகனுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது, காதோரம் மட்டும் நரை. போகட்டும் என்று விட்டேன். அவன் ஜீப்பில் அவளை வீட்டில் விடப் போகும்போது திருவிழாக் கூட்டம் வழியை மறிக்கிறது. சுற்றிப் போகிறார்கள். அதில்தான் பேச்சே ஆரம்பிக்கிறது. ‘அம்மனே அவர்களுக்கு வழி மாற்றிவிட்டாள்’ என்று எழுதியிருக்கிறாள். அந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்தேன்.

நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணம் என்று ஒன்று இருப்பதே வண்டி வேலையில் மறந்துபோயிருந்தது. அவள் ஒரு கம்பெனியில் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தாள். பெரியபாளையத்தில் ஏறுவாள். காலை ஷிப்டு முடிந்து திரும்பும்போது அவளை முதலில் இறக்கிவிட்டு, மற்றப் பெண்களோடு ஊத்துக்கோட்டை போவேன். வேனில் எல்லோரும் என்னை அண்ணா என்பார்கள். அவள் மட்டும் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. இறங்குமிடம் வந்தால் ஜன்னல் கம்பியில் வளையலால் தட்டுவாள்.

ஆடி மாதம் வந்தால் பெரியபாளையத்து அம்மன் கோயில் கூட்டத்தில் வேப்பிலையும் பொங்கல் பானையுமாக ரோடு அடைத்துக்கொள்ளும். அந்த வருடம் திரும்பும் வழியை மாற்றினேன். சத்தியவேடு பக்கம் சுற்றி ஊத்துக்கோட்டைப் பெண்களை முதலில் இறக்கிவிட்டு, கடைசியாகப் பெரியபாளையம் வந்தேன். ஊத்துக்கோட்டையிலிருந்து வேனில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆடி போனது. கூட்டமும் போனது. ரூட்டை நான் மாற்றவில்லை.

ஊத்துக்கோட்டைப் பெண்களுக்குச் சீக்கிரம் வீடு சேருவது வசதி, அதனால் வாயைத் திறக்கவில்லை. ஐப்பசியில் ஒரு அக்கா இறங்கும்போது கேட்டாள்.

“இன்னாண்ணா, தீபாவளியே வந்துட்ச்சு, உன் ரோட்ல மட்டும் ஆடிக் கூட்டம் இன்னும் கலையல?”

வேன் முழுக்கச் சிரித்தது. பின் சீட்டில் இருந்தவள் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஊத்துக்கோட்டை தாண்டியதும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மழை பேசினோம், டயர் பேசினோம், அவள் கம்பெனி சூப்பர்வைசரைப் பற்றிப் பேசினோம். அடுத்த ஆடியும் வந்து போனது. பேச்சு மட்டும் மழை, டயரைத் தாண்டவில்லை. ஒரு நாள் இறங்குமுன் சொன்னாள்.

“நாளைலேர்ந்து பழைய ரூட்லயே ஓட்டுங்க.”

எனக்குக் கால் பிரேக்கிலேயே நின்றுவிட்டது. “ஏன், எதுனா தப்பா…”

“எவ்ளோ நாளுதான் வேன்லயே சுத்திக்கினு இருப்பீங்க? ஊட்டாண்ட வந்து எங்க நைனாகிட்ட கேளுங்க.”

“எனக்கு வயசு…”

“இந்த வேனுக்குந்தான் வயசாய்ட்ச்சு. ஓடல?”

அவள் அப்பாவுக்கு என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட நாக்கு வர ஒரு வருடம் பிடித்தது. அது தனிக் கதை.

பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டேன். “அம்மன் மாத்துனாளா? ஸ்டியரிங் புட்ச்சது யாரு?”

“கதைங்க அது. அவனே வேணும்னு சுத்தினு போனான்னு எழுதுனா, படிக்கிற பொண்ணுங்க பயப்படுவாங்க.”

“நீ பயந்தியா?”

“பயந்தா மறுநாளே பஸ்ஸ புட்சி போயிருப்பேன். கோயில்கிட்ட இருக்கறவ நானு. கூட்டம் என்னிக்கு கலைஞ்சிச்சின்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப அதையும் எழுது.”

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். இருபது வருடமாக அவள் பாக்கலாம் என்று சொன்னால் நடக்காது என்று அர்த்தம்.

அதனால் இங்கே நானே எழுதி வைக்கிறேன். நாவல் அவளுடையது. அதில் ஒரு எழுத்துக்கும் நான் உரிமை கேட்கவில்லை. காப்பித் தோட்டக்காரனும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வழியை மாற்றியது அம்மன் இல்லை, நான். தெரிந்தே இறங்காமல் உட்கார்ந்திருந்தது அவள். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் முதல் பக்கத்தில் இந்த இரண்டு வரியும் ஏற வேண்டும். என் வரி மேலே வர வேண்டும்.