மொரோகோரோவில் மாமா குளித்தது

கிருபாசங்கர் மாமா என் அம்மாவுக்குத் தம்பி, மதுக்கரைக்காரர். பத்தாவதில் கணக்கு அவரைக் கைவிட்டது. எங்கள் குடும்பத்தில் கணக்கு யாரையும் கைதூக்கி விட்டதில்லை என்பதால் இதைப் பெரிய துக்கமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பம்பு கம்பெனியில் சேர்ந்தார். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை, ஒயிண்டிங். இருபத்தி மூணு வருஷம் அதையே சுற்றினார். கம்பியை விரலில் ஓட்டிப் பார்த்தே என்ன கனம் என்று சொல்லிவிடுவார். மற்றபடி பேச்சு கம்மி. கல்யாண வீட்டில் மூன்று பந்தி பரிமாறிவிட்டு, போட்டோவில் ஒன்றில்கூட விழாமல் வீடு வந்து சேர்கிற ஆள்.

கம்பெனி தான்சானியாவில் மொரோகோரோ என்கிற ஊரில் ஷெட் போட்டு, அங்கேயே பம்பு செய்து விற்கலாம் என்று முடிவெடுத்தது. அங்கே ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒருத்தர் வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த இன்ஜினியருக்குச் சுற்றத் தெரியாது, சுற்றத் தெரிந்த மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடைசியில் கையைப் பார்த்து மாமாவை அனுப்பினார்கள். புவனா அத்தை பருப்புப் பொடி அரைத்து மூட்டை கட்டியதில் மாமாவின் சட்டைகள் பாதி இங்கேயே நின்றுவிட்டன.

அங்கே அவரிடம் கற்றுக்கொண்ட எட்டுப் பேரில் பராகா என்று ஒரு பையன். இருபத்தாறு வயது. மாமா ஒரு தடவை சுற்றிக் காட்டினால் இரண்டாவது தடவை அவன் சுற்றியதில் குற்றம் சொல்ல முடியாதாம். இதை மாமா போனில் சொன்னபோது, தன் சொந்த மகன் வாங்கிய மார்க்கைப் பற்றிக்கூட அப்படிப் பெருமைப்பட்டதில்லையே என்று அத்தைக்குக் கொஞ்சம் முகம் கோணிற்று. பாஷை இல்லாமலேயே வேலை ஓடியது. கம்பி, சூடு, இழு, விடு, மறுபடி. இவ்வளவுதான் மாமா கற்றுக்கொண்ட சுவாஹிலி. பதிலுக்கு ஆறு மாதத்தில் அந்த ஷெட்டே எதற்கெடுத்தாலும் ‘சரிங்க’ என்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பராகா வீட்டில் சாப்பாடு. அவன் அம்மா மக்காச்சோள மாவைக் களி மாதிரி கிண்டி, கீரையோடு போடுவார். மாமா ஒருநாள் அதில் பருப்புப் பொடியைத் தூவிக் கொடுக்க, அந்தம்மா தும்மித் தும்மிச் சிரித்து, மறுவாரம் தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம். அத்தையின் மூட்டை அங்கேதான் காலியானது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அந்தம்மா இறந்துபோனார்.

சேதி வந்ததும் மாமா கம்பெனி வண்டியில் போனார். எழவு வீட்டில் நாம் என்ன செய்வோமோ அதைச் செய்தார். ஆண்கள் நின்ற வரிசையில் ஒவ்வொருவர் கையாகத் தொட்டார். ஓரமாக உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே வந்தவர்களெல்லாம் முற்றத்தில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மாமாவுக்கும் தட்டு நீட்டினார்கள், வேண்டாம் என்று தலையாட்டினார். எழவு வீட்டில் போய்ட்டு வாரேன் என்று சொல்லக்கூடாதில்லையா, யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்தார். நேரே ஷெட்டுக்கு வந்து, ரூமுக்குள் நுழையாமல், முற்றத்துக் குழாயடியில் போட்ட துணியோடு உட்கார்ந்து தலைக்கு ஊற்றினார். செருப்பையும் கழுவினார்.

அப்போது மத்தியான ஷிப்ட் மொத்தமும் வெளியே நின்றிருந்தது. டிரைவர் வேறு நடந்ததைச் சொல்லிவிட்டான். வந்தார், வாய் திறக்கவில்லை, சோற்றைத் தொடவில்லை, சொல்லாமல் ஓடினார், ஓடிவந்து எங்களைத் தொட்ட அழுக்கைத் தேய்த்துக் கழுவுகிறார் என்றுதான் அவர்களுக்குப் பட்டது. அங்கே துக்க வீடென்றால் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும், நாள்கணக்கில் தங்க வேண்டும். அதை மாமாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்த பராகா மெஷினுக்குப் போகவில்லை. மாமா முன்னால் வந்து நின்றான். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஆபீஸ் பெண்ணை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டுக் கேட்டான்:

“எங்க அம்மாகிட்ட என்ன அழுக்கைப் பாத்தீங்க?”

மாமா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். “எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தாங்க” என்றார். நம் ஊரில் யார் செத்தாலும், பெற்ற தாயே செத்தாலும் குளிப்போம் என்று சொல்ல நினைத்திருக்கிறார். பாதிதான் வாய்க்கு வந்தது. உங்கள் ஊரே எங்களை அப்படித்தான் நினைக்கிறதா என்று பராகா எடுத்துக்கொண்டான். அன்றே வேலையை விட்டு நின்றுவிட்டான். கூட நாலு பேர். மாமாவைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

இங்கே வந்தபிறகு கம்பெனிக்கு ஞானம் பிறந்தது. வெளிநாடு போகிறவர்களுக்கு இரண்டு நாள் கலாசாரப் பயிற்சி, ஏசி ஹாலில், மதியம் சைவப் பிரியாணியோடு. அதில் மாமா ஒரு பாடம். பேர் போடாமல் திரையில் காட்டுவார்கள். ஆனால் அவரையே முன்வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். எங்கள் தெரு சசிதர் அந்த பேட்ச்தான். அடுத்து அவன் மொரோகோரோ போகிறான். இந்த ஆள் என்ன செய்திருக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்த மேடம் கேட்டிருக்கிறார். “நல்லா சாப்ட்டுப்போட்டு, யாரும் பாக்காம பாத்ரூம்ல குளிச்சிருக்கோணுங்க மேடம்” என்றானாம் சசிதர். ஹாலே சிரித்திருக்கிறது. மாமா எழுந்து நின்றாராம்.

“அந்தம்மாவுக்கு நான் அழுதனுங்க. தண்ணி ஊத்தறப்பத்தான் அழுதேன். அதனால யாருக்கும் தெரியலீங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேடம் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சசிதர் இதை என்னிடம் சொன்னபோது முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதுவரை அவனை எதற்கெல்லாமோ கலாய்த்திருக்கிறேன், அன்றைக்கு விட்டுவிட்டேன்.

சசிதர் மொரோகோரோ கிளம்புகிற அன்று மாமா அவன் வீட்டுக்குப் போய், பராகாவைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொல்லுங்க தம்பி என்று கேட்டுக்கொண்டார். மன்னிக்கச் சொல்லு என்றெல்லாம் இல்லை. அழுக்கென்று நினைக்கவில்லை, அது மட்டும் தெரிந்தால் போதும்.

ஒன்றரை மாதம் கழித்து சசிதர் கூப்பிட்டான். மாமா ஸ்பீக்கரில் போட்டார், அத்தையும் நானும் பக்கத்தில். பராகா இப்போது வேறொரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறானாம். அந்த ஆபீஸ் பெண்ணைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேனுங்க, குழாயடியில் அழுததையும் சொன்னேன் என்றான் சசிதர். முழுசாகக் கேட்டானாம்.

“என்ன சொன்னானுங்க?” என்று கேட்டார் மாமா.

“அழறதா இருந்தா எங்ககூட உக்காந்து அழுதிருக்கலாமேன்னான். அவ்வளவுதானுங்க. எந்திரிச்சுப் போயிட்டான்.”

மாமா போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“சரிதானுங்களே” என்றார். அத்தை ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார், மாமா கேட்கவில்லை. அங்கேயும் ஒயிண்டிங்தான் பார்க்கிறானா என்று மட்டும் சசிதரிடம் கேட்டார். இல்லைங்க, வெல்டிங் என்றான் அவன்.