எல்லை தாண்டிய புகை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரியில் உலைப் பகுதிக்கு சூப்பர்வைசராக இருந்தான். தண்ணீர் பம்புகளுக்கான இரும்புக் கூடுகளை வார்க்கும் இடம் அது. கோக் கரி எரிக்கும் பழைய உலை. ஒக்கலிபுரத்து வீட்டுக்கு அவன் திரும்பி வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுத்துவிடும். அப்பா அரசாங்க அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். மகன் கரிக்குள் போய் நிற்பதை அவர் கடைசிவரை மனதார ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இரும்பு உருகி வருவதைப் பற்றிச் சாப்பிடும்போதுகூடப் பேசுவான். அந்தப் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். பழைய உலையை எடுத்துவிட்டு மின்சார உலை போடவேண்டும். முதலாளியிடம் அவன் வருஷா வருஷம் கேட்டான். முதலாளியும் வருஷா வருஷம் "பாக்கலாம்" என்றார். அவர் நல்ல மாதிரி பேசுகிற மனிதர். அதனால் அண்ணன் நம்பினான்.

பிறகு ஊர் மாறத் தொடங்கியது. தொழிற்பேட்டையைச் சுற்றி வீடுகள் நெருங்கி வந்தன. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் கரி படிகிறது என்று புகார் எழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மின்சார உலைக்கு வேளை வந்துவிட்டது என்றே அண்ணன் நினைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி பரிமாறிக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"உலைய மட்டும் ஓசூர் தாண்டி ஒரு ஊருக்கு எடுத்துட்டுப் போறாங்க. கூட்டக் கடையற மெஷின் ஷாப் இங்கயே இருக்கும்."

"கரண்டு உலை கேட்டியே, அது?" என்றேன்.

"அங்க எதுக்குய்யா அது, கேக்கறதுக்கு அங்க யார் இருக்காங்கன்னுட்டார் முதலாளி. இதே உலையத்தான் பிரிச்சு லாரில ஏத்தறாங்க."

"நீங்க போகாதீங்க. இங்கயே ஏதாவது குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"மெஷின் ஷாப்புல எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓட்டற பசங்க. எனக்குத் தெரிஞ்சது உலை ஒண்ணுதான். ஆயித்து, பிடு."

எங்கள் வீட்டில் எந்தப் பேச்சையும் முடிப்பது கன்னடத்தில்தான். முடிந்தது, விடு. அண்ணன் அந்த ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கினான். வாராவாரம் வந்தவன், போகப்போக மாதம் ஒருமுறை வந்தான்.

நான் அதற்குள் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. நாட்டின் ஒவ்வொரு வட்டாரமும், தான் வெளிவிடும் கரிப்புகைக்கு ஈடாக எவ்வளவு பொருளும் வருமானமும் ஈட்டுகிறது என்று பார்ப்பது. கரிம உற்பத்தித்திறன் என்று அதற்குப் பெயர். ஒரு வட்டாரம் ஏன் முன்னால் நிற்கிறது, இன்னொன்று ஏன் பின்தங்குகிறது என்று காரணம் சொல்லவேண்டும். பெங்களூர் வெகு முன்னால் நின்றது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கண்ணாடிக் கட்டடங்களில் படித்த பிள்ளைகள் உட்கார்ந்து எழுதும் மென்பொருளுக்குக் கரி வேண்டியதில்லை. கல்வி, தொழில்நுட்பம், சேவைத் துறை என்று நாங்கள் எழுதிய காரணங்கள் எல்லாம் உண்மைதான். கடைசி வரிசையில் நின்ற வட்டாரங்களில் ஒன்று, அண்ணன் தங்கியிருந்த பகுதி.

நேரில் பார்க்க எங்கள் ஆய்வுத் தலைவரும் நானும் அங்கே போனோம். தகரக் கூரைக்கு மேலே அதே புகை. பக்கத்துக் கொல்லையில் வாழை இலைகள் சாம்பல் நிறத்தில் தொங்கின. தலைவரிடம் "இவர் என் அண்ணன்" என்றேன். அவர் மரியாதையாகக் கைகொடுத்தார். அண்ணன் கையை ஒரு பழைய துணியில் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் நீட்டினான். நாங்கள் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்தான். பேசும்போதே மூச்சு இளைத்தது.

"உங்க ரிப்போர்ட் போனா, கரண்டு உலை போட கவர்ன்மெண்ட் உதவி பண்ணுவாங்கன்னு பேசிக்கறாங்க. நெஜமா?"

"பேச்சு இருக்கு" என்றேன்.

"அப்ப நல்லா எழுதும்மா. இங்க இருக்கறத இருக்கறபடி எழுது."

எழுதினேன். அங்கே வார்த்த கூடு பச்சை இரும்பாக லாரியில் ஏறி பீன்யாவுக்குப் போகிறது. அங்கே அதைக் கடைந்து, வர்ணம் அடித்து, பம்பாக்கி விற்கிறார்கள். விலை பெங்களூர்க் கணக்கில் ஏறுகிறது, புகை அந்த ஊர்க் கணக்கில் ஏறுகிறது. நகரம் முன்னேறியதில் ஒரு பங்கு, அது தன் புகையை அடுத்தவன் வாசலில் இறக்கிவைத்ததால் வந்தது. பின்தங்கிய வட்டாரம் என்று நாம் சொல்வது பல இடங்களில் முன்னேறிய வட்டாரத்தின் உலைக்கூடம்தான். இதை ஒரு தனி அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன்.

தலைவர் அதைப் படித்துவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

"பொருள் எங்கே மதிப்புப் பெறுகிறதோ அங்கேதான் வருமானம். புகை எங்கே வருகிறதோ அங்கேதான் புகை. எல்லோரும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்."

"காரணம் கேட்கிற ஆய்வுதானே சார் இது? இதுவும் காரணம்தானே?"

"உங்கள் அண்ணன் அங்கே வேலை செய்கிறார். அது இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த அத்தியாயம் இருந்தால் முழு ஆய்வையும் சந்தேகப்படுவார்கள். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

அத்தியாயம் போய்விட்டது. நான் கண்ணால் பார்த்ததே என்னுடைய குறையாகிவிட்டது. அந்த ஊரில் யாரையும் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். யாரையும் தெரியாதவள் அந்த லாரியைக் கவனித்திருக்கவும் மாட்டாள்.

அறிக்கையை ஒரு நட்சத்திர ஹோட்டலில் வெளியிட்டார்கள். தொழில்துறை சார்பில் மேடையேறியவர்களில் அண்ணனின் முதலாளியும் ஒருவர். நகரத்துக்குள் தூய்மையாகத் தொழில் நடத்துகிறவர் என்று அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, வார்ப்பு வேலையை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே தூய்மை என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். முதலாளி சிரித்தபடியே, "கிராமத்துக்கு வேலைவாய்ப்புக் கொடுத்திருக்கிறோம்" என்றார். கைதட்டினார்கள். அப்புறம் குழுவாகப் படம் எடுத்தார்கள். யார் எங்கே நிற்பது என்று படக்காரர்தான் இழுத்து நிறுத்தினார்.

உதவித் திட்டமும் வந்தது. முன்னேற்றம் காட்டிய வட்டாரங்களுக்கு முதலில் என்றார்கள். அந்த வட்டாரங்கள் எவை என்று சொல்லத்தான் எங்கள் அறிக்கை இருந்ததே. முதலாளிக்கு மின்சார உலை கிடைத்தது. அதை பீன்யாவில், மாதிரிகள் மட்டும் வார்க்கிற ஒரு சின்ன அறையில் வைத்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டுவார்களாம். ஓசூருக்கு அப்பால் பழைய உலை எரிந்துகொண்டே இருந்தது.

அண்ணன் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து அலுவலகத்துக்கு ஃபோன் செய்தான்.

"பேப்பர்ல படம் பாத்தேன். முதலாளி பக்கத்துல நிக்கற."

"அண்ணா, நான் எழுதினத எடுத்துட்டாங்க. நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன்."

"எடுத்தாங்களா, எடுக்கக் குடுத்தியா, எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது படம்தான்."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தாலும் என்னோடு பேசவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் அவன் எழுந்து வாசலுக்குப் போவான். அண்ணி இருவருக்கும் நடுவில் காப்பித் தம்ளர்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அந்த நிறுவனத்தை விட்டுவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் வேறுவிதமாக எடுத்துக்கொள்வான் என்று பயம்.

ஒரு மழைக்காலத்தில் அவனை உலை முன்னால் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நுரையீரல் கெட்டிருந்தது. உலை முன்னால் நிற்காத வேலை அந்தக் கம்பெனியில் அவனுக்கு இல்லை. ஒரு பழக்கூடையோடு அனுப்பிவைத்தார்கள். பெட்டியை வீட்டுக்குள் வைத்துவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தபோது, மூச்சு சீராவதற்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அன்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது, அத்தியாயம் போனது, ஹோட்டலில் கேட்டது, வேலையை விட்டது. குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நீ சொல்றது நெஜமாவே இருக்கட்டும்" என்றான் கடைசியில். "இப்ப என்ன பண்ண முடியும்?"

அதற்குப் பிறகு பேசத் தொடங்கினோம், சாப்பிட்டாயா, மருந்து எடுத்தாயா என்கிற அளவுக்கு. பழைய மாதிரி இரும்பைப் பற்றி அவன் பேசியதே இல்லை.

பிறகு வந்த அறிக்கைகளிலும் பெங்களூர்தான் முன்னால் என்று கேள்விப்பட்டேன். என் மாணவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். புகை எங்கே போயிற்று என்று கேட்பேன். தேர்வில் இது வருமா மேடம் என்பார்கள்.