தகட்டில் இரண்டு புள்ளி

சிறிய வெள்ளித் தகடு ஒன்றைப் பானைத் தண்ணீரில் முக்கி எடுத்து, வேட்டித் தலைப்பில் துடைத்து, குழந்தையின் மூக்குக்குக் கீழே பட்டும் படாமலும் பிடிக்கிறார் ஆத்மநாதப் பத்தர். குளிர்ந்த தகட்டில் மூச்சு மங்கலாகப் படிகிறது. இரண்டு புள்ளி விழுந்தால் இரண்டு துவாரமும் திறந்திருக்கின்றன. ஒன்றுதான் விழுந்தால் ஒரு பக்கம் அடைப்பு. ஒன்றுமே விழாவிட்டால் குழந்தை வாயால் மூச்சு விடுகிறது. பார்த்த மறுகணமே தகட்டை அழுத்தித் துடைத்துவிடுவார். “வெள்ளியில ஈரம் நிக்கக் கூடாது” என்பது அவருடைய சட்டம்.

ஆவுடையார்கோவில் தெற்கு வீதியில் அவருடைய நகைப் பட்டறை இருக்கிறது. வைத்தியத்துக்கும் அவர் குலத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சுற்றுவட்டாரக் குழந்தைகளுக்கெல்லாம் காது குத்துவது அவர்தான். காது குத்தினால் குழந்தை அழும். மூக்கடைத்த குழந்தை அழுதால் மூச்சுத் திணறும். வாலிபத்தில் ஒரு முறை அப்படி ஒரு குழந்தை அவர் கையில் நீலம் பாரித்துப் பிறகு தெளிந்ததாம். அன்றிலிருந்து சளிப்பிள்ளையின் காதை அவர் தொடுவதில்லை. தொடாமல் திருப்பி அனுப்பவும் மனம் வராமல், சளியோடு மல்லுக்கு நிற்கத் தொடங்கினார். இப்போது காது குத்த வேண்டியில்லாத குழந்தைகளும் வருகின்றன.

காலையில் பட்டறையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். எதிர்வீட்டுக் கூரை பற்றிக்கொண்டபோதுகூட, உட்கார்ந்த இடத்திலிருந்தே “தண்ணியக் கொண்டாங்கடா, அங்கிட்டு ஊத்துங்கடா” என்று உத்தரவு போட்டவர் என்று பக்கத்து வெற்றிலைக்கடை அடைக்கலமேரி சொல்லுகிறாள். ஊதுகுழலை வாயின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டே மறு மூலையால் பேசுவார். நெருப்புக்கு ஒரு மூச்சு, பேச்சுக்கு ஒரு மூச்சு. இரண்டும் ஒன்றையொன்று இடிப்பதில்லை.

ஜலதோஷத்தைத் தாம் குணப்படுத்துவதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். “அது வந்த மாதிரி போயிரும். ஏழு நாளாகும், பத்து நாளாகும். அதுவரைக்கும் புள்ள பால் குடிக்கணும், தூங்கணும். அம்புட்டுதான் நம்ம சோலி” என்பார். நோயை வெல்வதாகச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். நோயோடு கழிக்க வேண்டிய நாட்களைக் கொஞ்சம் இலேசாக்கித் தருவதாகச் சொல்பவரை நான் இங்கேதான் பார்த்தேன்.

அவருக்குக் கோபம் வருகிற இடங்கள் இரண்டு. ஒன்று, மூக்கில் எண்ணெய் விடுவது. “நெஞ்சுக்குள்ள எறங்குச்சுன்னா எவன் போயி தொடைக்கிறது?” மற்றொன்று சாம்பிராணிப் புகை. நாள் முழுவதும் கரி நெருப்பின்முன் இருமிக்கொண்டு இருப்பவர் அல்லவா? “புகைய நான் திங்கிறேன், போதும். பச்சப்புள்ளைக்கு எதுக்கு?” என்பார். குழந்தையின் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்க்காமல் எதையும் தொடங்க மாட்டார். “துருத்தி மாதிரி அலுங்காம ஏறி எறங்கணும். விலாவுல குழி விழுந்தா என்கிட்ட நிக்காத. அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு வண்டியக் கட்டு.”

சென்ற தை மாதத்தில் ஒரு காலை, நான் பட்டறைத் திண்ணையில் இருந்தபோது, சொர்ணவல்லி என்ற பெண் தன் பதினொரு மாதக் குழந்தை அமராவதியைக் காது குத்தக் கொண்டுவந்தாள். கணவன் ஆண்டிச்சாமி பூவும் பழமும் ஏந்தி வந்தான். அவளுடைய அண்ணன் அழகுமலை புதுச் சட்டையும் தோல்பெட்டியுமாக வந்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமனோ பினாங்கில் அரிசி மில்லில் வேலை பார்ப்பவன். பத்தரை மணிவரை முகூர்த்தம். பன்னிரண்டு மணிக்கு அறந்தாங்கி பஸ். அங்கிருந்து ரயில், மறுநாள் நாகப்பட்டினத்தில் கப்பல்.

பத்தர் தகட்டைப் பிடித்தார். ஒரு புள்ளியும் விழவில்லை. கூர் தீட்டி வைத்திருந்த தங்கக் கம்பியை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

“என்ன பத்தரே, மூடிட்டீங்க?” என்றான் அழகுமலை.

“மூக்கு மூடியிருக்கு தம்பி. அது தொறந்தா இதத் தொறக்கிறேன்.”

“போனா வர மூணு வருசம் ஆகும். முகூர்த்தம் வேற போயிரும்.”

“பஞ்சாங்கத்துக்கு மூக்கு இருக்கா? அதுக்கென்ன, பத்தரைக்குப் போயிரும். மூச்சு விடுறது ஒன் மருமவ.”

சொர்ணவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாகக் குழந்தை தூங்கவில்லை. பாலுக்கு வாய் வைத்தால் இரண்டு மடக்கில் திணறி விட்டுவிடுகிறது. “எங்கண்ணன் மடியில குத்தணும்னுதான் இம்புட்டு நாளு வச்சிருந்தேன்” என்றாள்.

பத்தர் விலாவைப் பார்த்தார். குழி விழவில்லை. உடனே உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவுகள் கிளம்பின. ஆண்டிச்சாமி பூத்தட்டை வைத்துவிட்டு அரிசியும் பானையும் வாங்க ஓடினான். கொதித்து ஆறிய நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பத்தர் நாக்கில் தொட்டுப் பார்த்தார். “கண்ணீரு கரிக்கிற அளவுக்குக் கரிக்கணும். கூடுனா எரியும்.” சுத்தமான துணித் திரியில் நனைத்து மூக்கில் பக்கத்துக்கு இரண்டு சொட்டு விடச் செய்தார்.

“இப்ப நீ வாய வச்சு மெதுவா உறிஞ்சித் துப்பு, ஆத்தா.”

“நீங்க உறிஞ்ச மாட்டீங்களா?” என்றான் மாமன், எரிச்சலோடு.

“ஊதுறது என் தொழில். உறிஞ்சுறது பெத்தவ தொழில்.”

பின்கட்டில் சோறு கொதித்து வடித்ததும் பானையை எட்ட வைத்து, ஆண்டிச்சாமியை முதலில் தன் முகத்தை ஆவியில் நீட்டிச் சூடு பார்க்கச் சொன்னார் பத்தர். அவன் முகம் சுளிக்காத தூரத்தில்தான் தாயும் பிள்ளையும் உட்கார வேண்டும். இந்த ஊர்க் கோயிலில் சுடுசோற்றைக் கல்லில் பரப்பி, அதன் ஆவியைத்தான் சுவாமிக்கு நைவேத்தியம் செய்கிறார்கள். “சாமியே ஆவியத்தான் சாப்பிடுது. ஒம் புள்ளைக்கு மட்டும் எறங்காதா?” என்று பின்கட்டை நோக்கிக் கத்தினார் பத்தர்.

பிறகு குழந்தையை மாமன் தோளில் நிமிர்த்திப் போட்டு நடக்கச் சொன்னார். படுக்க வைத்தால் மூக்கு மறுபடி அடைத்துக்கொள்ளும். புதுச் சட்டையின் தோள்பட்டையில் சளி ஒழுக, பினாங்குக்காரன் தெற்கு வீதியில் மேலும் கீழுமாக நடந்தான். “அண்ணே, பினாங்கில இப்பிடித்தான் அத்தர் பூசுறாங்களா?” என்றாள் அடைக்கலமேரி. அவன் சிரித்துவிட்டான், அன்று காலையில் முதல் சிரிப்பு.

முகூர்த்தம் போய்விட்டது. பதினொன்றரைக்குப் பத்தர் தகட்டைப் பிடித்தார். ஒரு புள்ளி.

“ஒத்தப் புள்ளி போதாதா பத்தரே?” என்றான் அழகுமலை.

“போதாது. அழுதா அதுவும் அடைச்சுக்கும்.”

“பத்தரே, கையெடுத்துக் கும்பிடுறேன்.”

பத்தர் டப்பாவைத் தொட்டார். திறப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். அதைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, “வேணாம் தம்பி” என்றார்.

பஸ் ஹார்ன் கேட்டது. அழகுமலை குழந்தையைத் தங்கையிடம் கொடுத்து, உச்சியில் கையை வைத்து எடுத்தான். “எவன் மடியிலயாச்சும் வச்சுக் குத்திக்கங்க” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் பெட்டியோடு நடந்தான். ஆண்டிச்சாமி பின்னால் போனான். சொர்ணவல்லி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

பத்தர் ஊதுகுழலை எடுத்தார், ஊதவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து குழந்தையின் மூக்கில் கேட்ட கொறகொறப்பு நின்றிருந்தது. குழந்தை வாயெடுக்காமல் குடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்ததும் தகட்டை நீட்டினார். இரண்டு புள்ளி. துடைத்தார். தகட்டையும் டப்பாவையும் இடுப்பில் செருகினார். எழுந்துவிட்டார்.

“எந்திரி ஆத்தா. வண்டி குளத்தோரம் நின்னு தண்ணி குடிச்சுட்டுத்தான் கெளம்பும்.”

“ஐயையோ, பத்தரு எந்திரிச்சுட்டாரு! எங்க தீப்பிடிச்சிருச்சு?” என்று வெற்றிலைக்கடையிலிருந்து குரல் வந்தது. பதில் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. உட்கார்ந்தே பழகிய கால்கள். வாத்து நடையில் ஓடினார்.

டிரைவர் இன்னாசி ரேடியேட்டரைத் திறந்து வைத்திருந்தான். வெள்ளை ஆவி வண்டியின் முகத்தை மறைத்துக்கொண்டு எழும்பியது. பத்தரும், பிள்ளையோடு பின்னால் ஓடிவந்த சொர்ணவல்லியும் படியில் ஏறினார்கள்.

“பத்தரே, என் வண்டியிலயா காது குத்து? டயம் ஆச்சு, ரயிலு நிக்காது!”

“ஒன் வண்டி மூக்கத் தொறந்து தண்ணி குடிக்கிற வரைக்கும் நிப்பேல்ல? எம் புள்ளைக்கு இப்பத்தான் தொறந்துச்சு. ஊத்து, மெதுவா ஊத்து.”

இன்னாசி செம்பைச் சாய்த்த வேகம் குறைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பிரயாணிகள் சாமான்களை ஒதுக்கி இடம் விட்டார்கள். பின் சீட்டில் அழகுமலை மடியை விரித்தான். “கையக் கட்டிப் புடி. மடிதான் வேணும், நடுக்கம் வேணாம்” என்றார் பத்தர். வலது காது. குழந்தை திகைத்தது. இடது காது. அப்புறம் பஸ் முழுவதும் அதிர ஓர் அழுகை. கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டான். மாமனும் அழுதுகொண்டிருந்தான்.

அழுகைக்கு நடுவிலேயே பத்தர் தகட்டை மூக்குக்குக் கீழே நீட்டி எடுத்தார். தாயையும் பிள்ளையையும் ஆண்டிச்சாமி இறக்கிவிட, தாமும் இறங்கினார். ரேடியேட்டர் மூடி திருகப்பட்டது. வண்டி உறுமி நகர்ந்தது. பின் ஜன்னலில் அழகுமலையின் தலை நீண்டது. பத்தர் தகட்டைத் தலைக்கு மேல் தூக்கி அவனுக்குக் காட்டினார். அத்தனை தூரத்தில் அவனுக்கு என்ன தெரிந்திருக்கும்?

வண்டி வீதி முனை திரும்பிய பிறகு அவர் தகட்டைக் கீழே இறக்கினார். வழக்கம்போல் வேட்டித் தலைப்பு கைக்கு வந்தது. ஆனால் துடைக்கவில்லை. புழுதி அடங்கும்வரை நடுவீதியில் நின்று, இரண்டு புள்ளிகளும் தாமாகச் சுருங்கி மறையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.