பம்படிக்குக் கேட்காத செய்திகள்

என் வீட்டுக்காரர் நன்றாகப் பேப்பர் வாசிப்பார். இதை நான் புகாராகச் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் தொழிற்சங்கப் படிப்பகம் ஒன்று இருந்தது. ஓடு போட்ட ஒற்றை அறை. இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை. தினமும் காலையில் துறைமுக வேலைக்குக் கிளம்பும் முன் அவர் அங்கே உட்கார்ந்து, வந்திருக்கும் பத்திரிகைகளை உரக்க வாசிப்பார். எழுத்துத் தெரியாதவர்கள் பலர் என்பதால் ஏற்பட்ட வழக்கம். ஆண்கள் உள்ளே டீயும் பீடியுமாக உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் நாங்கள் எதிரே அடிபம்பில் குடத்தோடு நின்று கேட்போம். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். வாசிக்க வீட்டிலேயே ஆள் இருக்க, நான் ஏன் மெனக்கெட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. ராயபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் பலருக்கும் அங்கேதான் வேலை; எல்லோரையும் என் வீட்டுக்காரர்தான் சங்கத்தில் சேர்த்திருந்தார். பெண்கள் போடும் பூட்ஸ், உள்ளே கம்பளி. மே மாத வெயிலில் அதை மடியில் போட்டுத் தைத்தால் தொடையெல்லாம் வேர்க்குரு. அத்தனையும் ரஷ்யாவுக்குக் கப்பலேறும். வேறு யாரும் எங்களிடம் வாங்கியதில்லை. அதனால் ரஷ்யாவில் என்ன நடந்தாலும் அது எங்கள் அடுப்பைத் தொடும்.

அவர் வாசித்தார். ரஷ்யாவின் புதுத் தலைவர் அதிகாரிகளை மேடையிலேயே கண்டிக்கிறாராம். தொழிற்சாலைகள் இனி மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தாங்களே முடிவெடுக்கலாமாம். நாலு பேர் சேர்ந்து சின்ன ஓட்டல்கூட நடத்தலாமாம். சீர்திருத்தம் என்ற சொல் வரும்போதெல்லாம் குரலை ஏற்றி ஒரு நொடி நிறுத்துவார். பம்படியில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பெருமையாக இருக்கும்.

அந்தச் சமயம் திருவொற்றியூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனி தைக்கத் தெரிந்த பெண்களை வேலைக்கு எடுத்தது. நிரந்தர வேலை, பி.எஃப். உண்டு. டோல்கேட்டில் பஸ் ஏறினால் போய்விடலாம். எங்கள் கம்பெனியிலோ ஆர்டர் குறைந்து, வாரத்தில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். போகட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"எங்கயும் போவாத. அங்க எல்லாத்தயும் மாத்திகினு கீறாங்க. கொஞ்ச நாள் தடுமாறும், அப்புறம் ஆர்டர் கொட்டும் பாரு" என்றார்.

நான் போகவில்லை. நான் போகாததைப் பார்த்து மற்றவர்களும் போகவில்லை. பக்கத்து மிஷினில் தைத்தவள் கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். விண்ணப்பம் எழுதியே வைத்திருந்தாள். "பேப்பர் படிக்கறவரு பொண்டாட்டியே போவல, எனக்கு இன்னா அவசரம்" என்று அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

மறு வருஷம் பொங்கல் கழிந்ததும் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். தைத்த பூட்ஸ் பெட்டி பெட்டியாக உள்ளேயே கிடந்தது. திருவொற்றியூருக்கு ஓடினேன். ஆள் எடுத்து முடித்தாயிற்று என்று வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே சொல்லிவிட்டார். என் நாத்தனார் அங்கே வேலை பார்த்தாள். அவளும் வியாசர்பாடியில் வேறொரு கம்பெனியில் பூட்ஸ் தைத்தவள். சாமர்த்தியமாகத் தானே மாறிக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். உள்ளே எனக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அவள் வீட்டுக்குப் போனேன்.

"நானா எங்க போனேன் அண்ணி? அண்ணன்தான் வூட்டாண்ட வந்து பேப்பர பூரா படிச்சிக் காட்டிச்சி. அங்க சோப்புகூட கெடைக்கலியாம். சக்கரைக்குக் கூப்பனாம். ரொட்டிக்கு விடியக்காலைலேர்ந்து கியூவாம். மாத்தறேன் மாத்தறேன்னு இருந்ததயும் கெடுத்துட்டாங்களாம். ஆர்பர்ல கப்பலுக்கு சரக்கும் ஏறலியாம், சீக்கிரம் வேற எடம் பாத்துக்கோன்னு சொல்லிச்சி" என்றாள்.

குடத்தோடு நின்ற எங்களுக்குக் கியூ என்றால் தெரியாதா? அதையும் அவர் வாசித்திருந்தால், அங்கேயும் இந்தக் கதைதானா என்று சிரித்துவிட்டு மறுநாளே பஸ் ஏறியிருப்போம். எங்களுக்குச் சீர்திருத்தத்தை மட்டும் வாசித்துவிட்டு, மிச்சத்தைத் தங்கைக்கு எடுத்து வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"தங்கச்சி வியாசர்பாடில கீது, அங்க என்னிய யாருக்கும் தெரியாது. நீ போயிருந்தா இங்க அத்தினி பேரும் போயிருப்பாங்க. அப்புறம் சங்கத்துல யாரு இருப்பா?"

"அதுக்கு நான்தான் கெடச்சனா?"

கொள்கைக்காகச் செய்தார் என்று இத்தனை வருஷத்தில் நானே அவருக்காக வாதாடிப் பார்த்திருக்கிறேன். பாதியிலேயே ஆத்திரம் வந்துவிடும். கட்டியவளைக் காட்டி மற்றவர்களைப் பிடித்து வைத்தார், அவ்வளவுதான்.

விஷயம் தெருவுக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து மிஷின்காரி குழந்தையை இடுக்கிக்கொண்டு வந்தாள். காசிமேட்டில் இறால் உரிக்கப் போக ஆரம்பித்திருந்தாள். விரல் நுனிகளெல்லாம் வெளுத்து வெடித்திருந்தன. சத்தம் போடவில்லை.

"உனக்குத் தெரியுந்தானே?" என்றாள்.

தெரியாது என்றேன். என் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரே வூட்லதான கீறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.