நித்திய இளைப்பாற்றி சொல்லாத வீடு

என் அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் கரையில் அவளோடு வாய் கொடுத்து வென்றவர்கள் குறைவு. மீன் வாங்க வருகிற யாபாரிமார் அத்தானோடு பேசத்தான் விரும்புவார்கள். அக்கா வாசல் படலையடிக்கு வந்துவிட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வாயாலேயேதான் அவள் செபமும் செய்தாள். அது எப்படிப்பட்ட செபம் என்று அறிய எனக்கு ஒரு கெட்ட காலம் வரவேண்டியிருந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஊர்காவற்றுறைத் தீவின் கரையோரத்தில் கடலை நம்பி வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அம்மாவும் ஐயாவும் கண்ணை மூடிய பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். ஒரு தையல் மெசினையும் மூக்கின் மேல் நிற்கிற கோபத்தையும் தவிர எனக்கென்று சொத்து எதுவும் கிடையாது. அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் ஒரு விடியற்காலை அத்தான் தனியாக வள்ளத்தை எடுத்தார். வழமையாகக் கூடப் போகிறவருக்கு அன்று காய்ச்சல். மத்தியானத்துக்குப் பிறகு காற்று வெறிபிடித்து அடித்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் ஒவ்வொன்றாய்க் கரை சேர்ந்தன. அத்தானுடையது வரவில்லை. கோயில் மணியை அடித்து ஆட்களைக் கூட்டித் தேடிப் போனார்கள். பிறகு நெடுந்தீவுக்காரர்கள் வள்ளத்தைக் கண்டெடுத்ததாகச் செய்தி வந்தது. வள்ளம் கவிழ்ந்து கிடந்ததாம். ஆளைக் காணவில்லை.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. அன்று பின்னேரமே பெண்கள் பாயோடு வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் செபமாலை சொல்ல உட்கார்ந்தார்கள். சாவீட்டில் அப்படித்தான் வழக்கம். யாரோ ஒரு வெள்ளைச் சீலையையும் கொண்டுவந்து கதிரையில் வைத்திருந்தார்கள். செபத்தை நடத்தியது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சங்கிலித்தாமின் மனைவி. நாங்கள் அவவை மாமி என்போம். மாமியின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அவ 'அருள் நிறை' என்று எடுத்தால் நடுக்கடலில் நிற்கிறவனும் 'மரியே' என்பான் என்று அத்தான் பகிடி பண்ணுவார்.

செபமாலை முடிந்ததும் இறந்தவர்களுக்காக ஒரு சிறிய செபம் சொல்லுவோம். நித்திய இளைப்பாற்றி என்று அதற்குப் பெயர். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்லவேண்டும். மாமி கண்ணை மூடிக்கொண்டு அத்தானின் பெயரைச் சொல்லி அதை எடுத்தா. நல்ல மனதோடுதான் எடுத்தா. பெயர் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், சுவரோடு சாய்ந்திருந்த அக்கா எழும்பிவிட்டாள்.

"மாமி, அதை நிப்பாட்டுங்கோ."

"என்ன மோனை?"

"அவர் செத்துப்போனார் எண்டு ஆண்டவர் எனக்கு இன்னும் சொல்லேல்லை. உங்களுக்குச் சொன்னவரோ?"

மாமி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தா. நான் என்ன செய்வேன்? அத்தான் இறந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கவிழ்ந்த வள்ளம் பொய் சொல்லாது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அதைச் சொல்ல நா எழாது.

பெண்கள் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டினார்கள். அக்கா கதிரையில் கிடந்த வெள்ளைச் சீலையை எடுத்து விரித்து, நீளம் அகலம் பார்த்து, என் மடியில் போட்டாள். "நல்ல துணியாய்க் கிடக்கு. பிள்ளையளுக்கு உள்சட்டை தை" என்றாள். நான் தைத்தேன். அந்த உள்சட்டைகளைக் கொடியில் காயப்போட்ட நாளில் ஊர் முழுவதும் எங்கள் வேலிக்கு மேலாகத்தான் பார்த்தது.

அக்காவுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். மாமிக்கு மனவருத்தம். கேட்பவர்களிடமெல்லாம், "செத்தவைக்குச் செபம் இருக்கு, கடலுக்குப் போறவைக்குச் செபம் இருக்கு. இவள் கேக்கிறதுக்கு நான் எந்தச் செபத்தைச் சொல்ல?" என்றாவாம். ஊரிலே எனக்கு யார் மேலெல்லாமோ கோபம் வந்தது. ஆனால் மாமி கேட்டது நியாயமான கேள்விதான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒருவருக்காக என்ன செபம் சொல்வதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெண்கள் வருவதும் மெல்லக் குறைந்து நின்று போனது.

ஒரேயொருத்தி மட்டும் நிறுத்தவில்லை. புளியங்கூடலிலிருந்து மரக்கறி கொண்டுவந்து மீனுக்கு மாற்றிக்கொண்டு போகிற சைவப் பெண் அவள். கடகத்தை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். "உங்கடை செபம் எனக்குத் தெரியாது பிள்ளை. வராத ஆளை வரச் சொல்லிக் கேக்க எனக்கும் தெரியும்" என்றாள். அந்தச் சொல்லுக்காக அவளை நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

அக்கா மற்றவர்களின் வலைகளைப் பொத்திக் கொடுத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். கிழிந்த வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை முடிச்சுப் போடுவாள். விளக்கு வைத்ததும் எங்கள் எல்லோரையும் மாதா சொரூபத்தின் முன் முழந்தாளில் நிறுத்துவாள். அவளுடைய செபமாலை, அன்று கடலுக்குப் போன அத்தானின் கழுத்தோடு போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். "அவர் அதைச் சொல்லட்டும். எனக்குப் பத்து விரல் இருக்குத்தானே."

எனக்கோ ஆண்டவரோடு பெரிய சண்டை. மூன்று பிள்ளைகளின் தகப்பனை, ஒரு சொல் சொல்லாமல், ஒரு உடலைக்கூடத் திருப்பித் தராமல் கொண்டுபோனவரிடம் நான் எதைக் கேட்பது? செபத்துக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அக்கா முன்பாதியைச் சொல்லுவாள், பிள்ளைகள் பின்பாதியைச் சொல்லுவார்கள், நான் வாயைத் தைத்துக்கொண்டு இருப்பேன். ஒருநாள் குசினிக்குள் எழும்பிப் போகப் பார்த்தேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கோவி. அவர் தாங்குவார். ஆனா இஞ்சை இருந்து கோவி."

நான் அங்கேயே இருந்து கோபித்தேன்.

அந்த மாரியில் கடைக்குட்டிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. மழைக்குக் கூரைக் கிடுகுகள் உக்கி, வீட்டுக்குள் நாலு பக்கமும் ஒழுகியது. அக்கா பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மருந்து வாங்கி, திரும்ப வந்து, மற்றப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்து, பொறுப்பெடுத்த வலையையும் பொத்திக் கொடுத்தாள். அவளுடைய கண்கள் குழிக்குள் போயிருந்தன. நான் பார்த்துப் பார்த்துப் பயந்தேன். பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அக்காவும் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் குசினிக்குள் யாரோடோ சண்டை பிடிப்பதுபோல அவளுடைய குரல் கேட்டது. மாமிதான் வந்திருக்கிறாவாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அடுப்புக்கு முன்னால் முழந்தாளிட்டு, அகப்பையைக் கையில் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரை வைச்சிருக்கிறீரோ எடுத்திட்டீரோ எண்டு நீர் எனக்குச் சொல்லேல்லை. சரி, உமக்கு நேரம் வரேக்கை சொல்லும். ஆனா இந்தப் பிள்ளையிலை கை வையாதேயும். என்னாலை ஏலாது. ஏலாது எண்டு உமக்கும் தெரியும். இண்டைக்கு இந்தக் காய்ச்சலை இறக்கும். இண்டைக்கு எனக்கு எழும்பி நிக்கப் பெலன் தாரும். நாளைக்கு உள்ளதை நாளைக்கு வந்து கேக்கிறன்."

இவ்வளவுதான். யாபாரிமாரோடு பேசிய அதே வாய்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, கஞ்சியைக் கிளறினாள். அவளுடைய முகத்தில் ஒரு அமைதி இருந்தது. அதை நான் எப்படிச் சொல்ல? சுமையைக் கொஞ்ச நேரம் இன்னொருவரின் தோளில் மாற்றி வைத்தவளைப் போல இருந்தாள். பிள்ளையின் காய்ச்சல் அன்று இறங்கவில்லை. பிறகுதான் மெதுமெதுவாக விட்டது. ஆனால் அக்கா அன்றைக்கும் எழும்பி நின்றாள், அடுத்த நாளும் நின்றாள். தினமும் போய் அன்றன்றைக்கு உரியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கோயிலில் நான் கேட்ட பிரசங்கம் எதுவும் எனக்கு இவ்வளவு விளங்கியதில்லை.

அடுத்த வாடைக்காற்றில் மாமியின் மகன் கடலில் காணாமல் போனான். கலியாணம் முடிக்காத பொடியன். அவனும் தனியாகத்தான் போயிருந்தான்.

மாமியின் வீட்டு முற்றத்தில் சனம் நிறைந்துவிட்டது. செபத்தை எடுக்க ஆள் இல்லை. எந்த வீட்டிலும் எடுக்கிற மாமி நிலத்தில் கிடந்து உருண்டா. யாரோ தயங்கித் தயங்கி செபப் புத்தகத்தை விரிக்க, மாமி தலையைத் தூக்கினா. "அவளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இதுக்குச் செபம் அவளுக்குத்தான் தெரியும்" என்றா.

அக்கா போனாள். மாமியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல்களிலே எண்ணிச் செபமாலை சொன்னாள். முடிவில் ஒருவரும் நித்திய இளைப்பாற்றி சொல்லத் துணியவில்லை. அதற்குப் பதிலாக அக்கா அடுப்படியில் கேட்டதைப்போல ஆண்டவரிடம் கேட்டாள். "இந்தத் தாய் இண்டைக்கு ஒரு வாய் தண்ணி குடிக்கவேணும். அதைத் தாரும்" என்றாள். மாமி எழும்பித் தண்ணீர் குடித்தா. தன் புருஷன் இறந்ததாகச் செபத்தை எடுத்தவ இந்த மாமிதானே என்ற எண்ணம் அக்காவின் முகத்தில் ஒரு துளிகூட இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் அவள் போய்வந்தாள். நானாக இருந்தால் போயிருப்பேனோ தெரியாது.

பொடியன் திரும்பி வந்தான். பாய்மரம் முறிந்து, அலை அவனை அக்கரைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். இந்தியக் கரையில் இருந்த மீன்பிடிகாரர்கள் சோறு போட்டு, உடம்பு தேறியதும் ஒரு வள்ளத்தில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அவன் கரையில் கால் வைத்தபோது எல்லோருக்கும் முன்னால் ஓடினவள் அக்காதான். சேலை முழங்கால்வரை நனைய, அவனுடைய முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உண்மையான சிரிப்பு. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோயிலுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு அவன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். குனிந்த தலையோடு நின்றான்.

"அக்கா, அங்கை அண்ணையைப் பற்றிக் கேட்டனான். ஒரு கரை விடாமல் கேட்டுப் பார்த்தனான். ஒருத்தரும் காணேல்லையாம்."

அக்கா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள்.

"நீர் கேட்டீரே, அது போதும் தம்பி" என்றாள்.

அவன் போன பிறகு அவள் வலையைச் சுருட்டி வைத்தாள். விளக்கு வைத்தாள். பிள்ளைகளை முழந்தாளில் நிறுத்தினாள். விரல்களில் செபமாலை சொல்லி முடித்தாள். பிறகு மூச்சை இழுத்து, அத்தானின் பெயரைச் சொல்லி, நித்திய இளைப்பாற்றியின் முன்பாதியைச் சொன்னாள்.

பின்பாதியைச் சொல்ல ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு அது தெரியாது. இந்த வீட்டில் அதைச் சொல்ல அவள் விட்டதில்லையே. அவள் திரும்பி என்னைப் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. காத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியே அங்கே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் சொன்னேன். அவ்வளவு காலம் செபம் சொல்லாதிருந்த குரல், பாதியில் உடைந்துபோனது. அக்கா பொறுத்திருந்து, மறுபடி முன்பாதியைச் சொன்னாள். இரண்டாம் முறை நான் முழுவதையும் சொன்னேன்.

ஆண்டவரோடு எனக்கிருந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

அக்கா சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். தன்னுடைய முகத்தைத் துடைக்கவில்லை.

"எழும்பு. நாளைக்கு உள்ளதை நாளைக்குக் கேப்பம்" என்றாள். "இப்ப பிள்ளையளுக்குப் பசிக்கும். அரிசியைக் கழுவு."